கண்ணோரத்தில் ஒரு பைரி

"சார், தோள்ல என்னமோ ஒட்டியிருக்கு" என்று காஜா முகைதீன் இரண்டு விரலால் எடுத்துக் கொடுத்தபோது வேதமாணிக்கம் அதைப் புளிய மரத்துச் சருகு என்றுதான் நினைத்தார். வாங்கி உள்ளங்கையில் வைத்து நேராகப் பார்த்தார். உள்ளங்கையின் நடுவில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் இருட்டுகூட இல்லை, நனைந்த காகிதத்தில் எழுத்து ஊறிப்போன மாதிரி ஒரு சாம்பல் மங்கல், அதைச் சுற்றி விரல்கள் தெளிவாக, மோதிரம் தெளிவாக, மணிக்கட்டு முடிகூடத் தெளிவாக. கையை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோனார், காதைச் சொறியப் போகிறவர்போல. இந்த வித்தையெல்லாம் இப்போது கைவந்துவிட்டது, யாருக்கும் சந்தேகம் வராது. அப்போது கண்ணின் ஓரத்தில் அது பச்சையாக வந்து நின்றது. இறகு. கிளியின் மார்பிலிருந்து வந்த சின்னப் பஞ்சிறகு. சரி, கிளி இருக்கிற ஊரில் கிளி இறகு விழாதா, விழட்டுமே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கன்னத்தில் இன்னொன்று உரசிக்கொண்டு போனது, டீத் தம்ளரின் விளிம்பில் இன்னொன்று வந்து ஒட்டியது. பறக்கிற கிளி இப்படிக் கொத்தாக உதிர்க்காது. மேலே பாறையில் உட்கார்ந்துகொண்டு யாரோ ஒரு கிளியை அவசரமில்லாமல் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அவருக்குத் தெரியாதா யாரென்று.

இருக்காது என்று உடனே சொல்லிக்கொண்டார். மனிதனுக்கு அவமானம் வருகிறபோது முதலில் வருகிற வார்த்தை அதுதான், இருக்காது. ஏன் இருக்காது என்றால், செவ்வாய்க்கிழமை இதே கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு, இதே பாறையைப் பார்த்து, இல்லை என்று அவரே சொல்லியாயிற்று. கூடாரப்பாறை மேலூர்ப் பக்கத்து மொட்டை மலைகளில் ஒன்று. கிழக்கு முகம் செங்குத்தாக இறங்கும், அடியில் தார் ரோடு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் கண்மாய். ஐப்பசி மழையில் மேலேயிருந்து ஒரு கல் பெயர்ந்து ரோட்டில் விழுந்தது. நல்லவேளை, ஓர் ஆட்டுக்குட்டியோடு போயிற்று. பள்ளிக்கூட வேன் போகிற ரோடு. தளர்ந்த கல்லையெல்லாம் கடப்பாரை போட்டு நெம்பித் தள்ளிவிடுவதென்று ஊராட்சித் தலைவர் மலர்க்கொடி கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிற ஆட்களைப் பிடித்திருந்தார். பிடித்தவர் அப்படியே வேலையை ஆரம்பித்திருக்கலாம். ஆரம்பிக்கவில்லை. பைரி என்கிற வல்லூறைப் பார்க்கிற ஐயாவைக் கூப்பிட்டுவிட்டார். "போன வருசம் நீங்க சொன்னீங்கன்னுதான் மாசி பங்குனியில ஒருத்தரையும் மேல ஏறவிடல. இந்த வருசமும் அது உக்காந்திருந்தாச் சொல்லுங்கய்யா, குஞ்சு பறக்கட்டும், சித்திரைக்குப் பெறகு வேலைய வச்சுக்குவோம். வேனைக் கொஞ்ச நாளைக்கு அங்கிட்டுச் சுத்தி விட்டாப் போச்சு." இவ்வளவு தூரம் இறங்கி வந்து யார் கேட்பார்கள்? இருக்கு என்று ஒரு வார்த்தை, அல்லது தெரியவில்லை என்று ஒரு வார்த்தை. அவர் பைனாகுலரைத் தூக்கினார், நெற்றியைச் சுருக்கினார், ரொம்ப நேரம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார், இறக்கினார், "ஒண்ணும் இல்லம்மா, இந்த வருசம் வரல" என்றார். பக்கத்திலிருந்து காஜா, "வரல" என்றார். "ரெண்டு பேரும் பாத்தாச்சு, பெறகென்ன" என்று மலர்க்கொடி போனைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், அவ்வளவு சுருக்கமாக முடிந்தது. இன்றைக்கு அதே ஐயாவுக்குப் புளிய மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டீ, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் செய்கிற மரியாதை. மலை உச்சியில் ஆட்கள் முளை அடிக்கிற சத்தம் டங் டங்கென்று இறங்கி வந்துகொண்டிருந்தது.

முளை அடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் அந்த விளிம்பை நினைத்தார். பார்க்க முடியாததை நினைக்க முடியும் என்பதுதான் இதில் பெரிய தொந்தரவு. பாறை முகத்தில் பாதிக்கு மேலே, வலதுபுறம், ஒரு பலகை அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும், மேலே ஒரு பாறை குடைபோலக் கவிந்திருக்கும், கீழே எச்சம் வழிந்து சுண்ணாம்புக் கோடாக இறங்கியிருக்கும். பைரிக்குக் கூடு கட்டத் தெரியாது. காக்கைக்குத் தெரிந்ததுகூடத் தெரியாது, ஒரு குச்சி பொறுக்காது, ஒரு நார் கொண்டுவராது. வெறும் பொடிக்கல்லில் மார்பை வைத்து அழுத்தி அழுத்தி ஒரு பள்ளம் செய்துகொள்ளும், அதில் முட்டை இட்டுவிடும், செங்கல் நிறத்தில் புள்ளி விழுந்த முட்டை, உருண்டால் கீழே ரோடுதான். ஆனால் இடத்தை விடாது. இந்த ஜோடி போனால் இன்னொரு ஜோடி, அதே விளிம்பு. வடக்கேயிருந்து குளிருக்கு வந்து போகிற உறவுக்கார வல்லூறு மாதிரி இது விருந்தாளி இல்லை, இந்த ஊர்க்காரி, புத்தகத்தில் ஷாஹின் வல்லூறு, புறா வளர்க்கிறவன் வாயில் பைரி. முதல் வருஷம் அவளைப் பார்த்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தேவிட்டார். கறுப்புத் தலை, கன்னத்தில் இறங்குகிற கறுப்பு மீசை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், ஸ்லேட்டு நிற முதுகு, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வயிறு. "டேய் காஜா, நம்ம சீஃப் கண்ட்ரோலர் மாதிரியே இருக்காடா" என்றார், ரயில்வேயில் தங்களை ஆட்டிவைத்த அதிகாரியை நினைத்து. ஆண் அவளைவிடச் சின்னவன், வீட்டுக்கு அடங்கினவன். அவன்தான் வேட்டைக்குப் போவான், கிளியோ புறாவோ அடித்துக்கொண்டு வந்து காற்றிலேயே மல்லாந்து அவள் காலுக்குக் கைமாற்றி விடுவான். வேட்டையைச் சொல்ல வேண்டுமென்றால், உயரத்தில் ஒரு புள்ளி, புள்ளி இறக்கையை மடக்கும், அப்புறம் அது பறவை இல்லை, விழுகிற கல். கண்மாய்க்கு மேலே போகிற புறாக் கூட்டத்தில் டப்பென்று ஒரு சத்தம், ஒரு பொட்டு இறகுப் புகை. அந்தப் புள்ளியை அவர்தான் முதலில் பார்ப்பார். வந்திருக்கிற காலேஜ் வாத்தியார்கள், விலை உயர்ந்த கேமரா வைத்திருக்கிறவர்கள், எல்லாரும் எங்கே எங்கே என்று தலையைத் தூக்கி அலைய, அவர் ஒரு விரலை நீட்டுவார். அந்த விரலுக்கு இருந்த திமிர் இருக்கிறதே.

திமிர் இல்லாமல் எப்படி இருக்கும்? ரயில்வே டாக்டர் வருஷா வருஷம் எழுதிக் கொடுத்த கண். அவர் ரயில் டிரைவர், டிரைவருக்கு ஏ-ஒன் கண் வேண்டும், கண்ணாடி போடாத, நிறம் மாறிப் பார்க்காத கண். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் எந்த வளைவில் எந்தச் சிக்னல் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். காஜா அவருக்கு அசிஸ்டெண்ட். என்ஜினுக்குள் ஒரு வழக்கம் உண்டு, வெளி ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டி, அதன் பெயரையும் நிறத்தையும் சேர்த்து, "ஹோம்... கிரீன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும், அசிஸ்டெண்ட் தன் கண்ணால் தனியாகப் பார்த்து, "ஹோம்... கிரீன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவன் கண் ஏமாந்தால் இன்னொருவன் கண் பிடிக்கும், அதற்காக ஏற்பட்டது. பார்க்காததைக் கூப்பிடக் கூடாது, பார்க்காமல் திருப்பவும் கூடாது. ரிடையர் ஆன பிறகும் நாக்கை விட்டு அது போகவில்லை. கரையில் நின்று அவர், "நீர்க்காகம்... இடது" என்பார், காஜா, "நீர்க்காகம்... இடது" என்பார். பறவை பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அது ஒரு தமாஷ். ஒரு மார்கழியில், அம்பாத்துரைக்கு இந்தப் பக்கம், பனி சுவராக நின்றது, சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் பால். அவர் வண்டியை நிறுத்திவிட்டார். அப்போது காஜா புதுசு, நடுங்குகிறான், "சார், கிரீனாத்தான் இருக்கும் சார், எப்பவும் இங்க கிரீன்தான சார், லேட்டுன்னு கேப்பாங்க சார்." அவர் சொன்னார், "தெரியலைன்னா ரெட்டுடா. அது கிரீனா இருந்தாலும் நமக்கு ரெட்டு." அந்த வாக்கியத்தைக் காஜா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார், மகள் நிச்சயதார்த்தத்தில்கூட, மைக் பிடித்து, எங்க டிரைவர் சார் எப்படிப்பட்டவர் தெரியுமா என்று. அந்த வாக்கியத்தைச் சொன்ன அதே வாய் செவ்வாய்க்கிழமை பாலுக்குள் பார்த்துவிட்டு கிரீன் என்றது. காதோரம் சுட்டது. டீ ஆறிப்போயிருந்தது, இறகு இன்னும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவர் அதையும் சேர்த்துக் குடித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

கண் டாக்டர் சின்னப் பெண். ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பாருங்க அங்கிள் என்றாள். நடுப்புள்ளி எங்கே இருக்கிறது? கோடெல்லாம் நடுவில் வந்து வளைந்து குழைந்து, ஆணி பிடுங்கின தண்டவாளம் மாதிரி. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, ஓரம் போகாது, முழுக்க இருட்டாகாது, பயப்படாதீங்க என்றாள். முழுக்க இருட்டாகியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு கம்பைக் கையில் கொடுத்து ரோட்டைத் தாண்டிவிட்டிருப்பார்கள், விஷயம் முடிந்தது. இது அப்படி இல்லை. எதைப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறாரோ அது மட்டும் அழிந்துவிடும். மனைவி புஷ்பம் எதிரில் உட்கார்ந்து பேசினால் அவள் காது, தோடு, பின்னால் சுவரில் காலண்டர், எல்லாம் இருக்கும், முகம் இருக்காது. முப்பது நாற்பது வருஷம் பார்த்த முகம், இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன என்று தமாஷாக நினைத்துப் பார்த்தார், தமாஷாக இல்லை. அவளிடம் சொல்லவில்லை. ஓசூரிலிருக்கிற மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள். காஜாவிடம் இடுப்பு வலி என்று சொல்லி ஸ்கூட்டரை ஓட்டக் கொடுத்தார். எவ்வளவு சாமர்த்தியம். ஆனால் பொங்கலிலிருந்து புஷ்பம் காபித் தம்ளரை மேஜையில் வைப்பதில்லை, கையிலேயே கொடுக்கிறாள். ஒரு நாள் அவர் கேட்டார், "ஏன், வச்சா எடுத்துக்க மாட்டனா?" அவள், "சூடு ஆறிப்போகும்ல" என்றாள். சூடு கையில் ஆறாதா? அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஜெபம் பண்ணும்போது அவள் குரல் ஓரிடத்தில் தணிந்து உதடு மட்டும் அசைகிறது, அந்த இடத்தில் தன் கண் இருக்கிறது என்றும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மூடி வைத்துக்கொள்ள அவர் படுகிற பாடு, வேட்டி அவிழ்ந்தவன் முழங்கையால் இடுப்பை இடுக்கிக்கொண்டு ஊர்வலத்தில் போகிற பாடு.

கெக் கெக் கெக் கெக்.

அவர் எழுந்தே விட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. "என்ன சார், இடுப்பா?" என்று காஜா பிடித்துக்கொண்டார். காஜாவுக்குக் கேட்கவில்லை. என்ஜின் ஹாரன் அவர் காதுகளைத் தின்று வெகுநாளாயிற்று. மற்றவர்களுக்குக் கேட்டிருக்கும், கேட்டு என்ன, மைனா கத்துகிறது கிளி கத்துகிறது என்று விட்டிருப்பார்கள். மறுபடியும் கெக் கெக் கெக், கரகரப்பாக, அவசரமாக, மலை உச்சிக்கும் பாறை முகத்துக்கும் நடுவில் போய்ப் போய்த் திரும்புகிற குரல். ஆண். உச்சியில் ஆள் நடமாட்டம் கண்டு திட்டுகிறான். பெண் வாயைத் திறக்கவில்லை. அவள் கத்தவில்லையென்றால், அவள் எழவில்லையென்றால், வயிற்றுக்குக் கீழே சூடாக ஏதோ இருக்கிறது. இதற்குக் கண் வேண்டாம். சரி, வேதமாணிக்கம், இப்போது என்ன செய்வதாக உத்தேசம்? ஒன்று, சும்மா இருக்கலாம். முதல் கடப்பாரையிலேயே தெரிந்துபோகும், அவள் எழும்புவாள், நெம்பின கல் விளிம்பு வழியாகத்தான் உருளும், அடடா இருந்திருக்கே என்று எல்லாரோடும் சேர்ந்து தலையில் கை வைத்துக்கொள்ளலாம். சே, அது ஒரு வழியா. இன்னொன்று, அது நல்ல வழி, பளிச்சென்று வந்த வழி. "நிறுத்துங்க! இப்பத்தான் வந்து உக்காந்திருக்கு!" செவ்வாய்க்கிழமை இல்லை, இன்றைக்கு இருக்கிறது, பறவைதானே, வராதா? பறவையும் பிழைக்கும், அவரும் பிழைப்பார். சொல்லிப் பார்த்தார், உள்ளுக்குள். உடனே அதற்கு அடுத்ததும் கேட்டது, கேட்காமல் இருக்க முடியவில்லை. மலர்க்கொடி சொல்வார், யப்பா, இங்கயிருந்தே பாத்துட்டாரே. கயிற்று ஆட்களின் மேஸ்திரி சொல்வார், ஐயா கண்ணுன்னா கண்ணு. காஜா சொல்வார், எங்க டிரைவர் சார் எப்படிப்பட்டவர் தெரியுமா. அப்புறம் அடுத்த மாசம் இன்னொரு ஊர்க்காரன் வருவான், ஐயா எங்க மலையையும் ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க என்று. அவர் போவார். பைனாகுலரைத் தூக்குவார், நெற்றியைச் சுருக்குவார்.

காஜாவாவது பார்த்திருக்கலாமே என்று ஒரு எரிச்சல் வந்தது, நியாயமில்லாத எரிச்சல், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க ஆறுதலாக இருந்தது. அவனும்தானே வரல என்று சொன்னான். இரண்டு கண், நாலு கண். செவ்வாய்க்கிழமையைத் திரும்பத் திரும்ப ஓட்டினார், காஜா எங்கே நின்றார், இடதுபக்கம், கையில் என்ன. கையில் ஃபிளாஸ்க். ஒரு கையில் ஃபிளாஸ்க், ஒரு கையில் மூடித் தம்ளர், டீ ஊற்றிக்கொண்டிருந்தார், சிந்தாமல் இருக்கக் குனிந்துகொண்டிருந்தார். குனிந்துகொண்டே, தலையைத் தூக்காமலே, வரல என்றார். அப்படியென்றால் அன்றைக்கு அந்தப் பாறையை ஒருத்தரும் பார்க்கவில்லை. அசிஸ்டெண்ட் பார்க்காமல் திருப்பிச் சொல்ல எப்போது கற்றுக்கொண்டான்? அவர்தான் கற்றுக்கொடுத்தார், வேறு யார். சார் பார்த்தால் போதும் என்று நம்பவைத்து, அந்த நம்பிக்கையை வருஷக்கணக்காக உட்கார்ந்து தின்றார், அல்வா மாதிரி. எரிச்சல் போய்விட்டது. அது இருந்த இடத்திலும் வெட்கமே வந்து உட்கார்ந்துகொண்டது. பறவைகளைப் பற்றின பேச்சு ஒன்றில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது, தூரத்து இரையைப் பைரி நேராகப் பார்க்காதாம், தலையைச் சாய்த்து, பக்கவாட்டுக் கண்ணால் பார்க்குமாம், அங்கேதான் அதற்குக் கூர்மை அதிகம், அதனால் வளைந்து வளைந்துதான் இறங்குமாம். அன்றைக்குக் கைதட்டியவர்களில் அவரும் ஒருவர். இப்போது அதை நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார், பாரு, பைரிக்கும் உனக்கும் ஒரே மாதிரிதான் என்று. இதுவும் ஒரு பிழைப்பா என்று மனசே திரும்பிக் கேட்டது.

மேலேயிருந்து கயிறு விழுந்தது. சர்ரென்று பாறையை உரசிக்கொண்டு வந்து, நீல நிறம், அதன் வால் ரோட்டோரப் புல்லில் கிடந்து அசைந்ததுகூட ஓரக் கண்ணில் தெரிந்தது. இரண்டாவது கயிறு. அது வலதுபுறம். மேஸ்திரி பால்ச்சாமி கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வந்தார், விசில் ஊதினால் மேலே உள்ளவர்கள் இறங்க ஆரம்பிப்பார்கள், அதுதான் ஏற்பாடு. "ஐயா, நல்ல நேரம் முடியிறதுக்குள்ள ஊதிரட்டா? ஒருக்கா நீங்களும் பாத்துச் சொல்லிட்டா எங்களுக்கும் ஒரு தைரியம்" என்றார். மலர்க்கொடியும் வந்து நின்றார். "அன்னைக்கே பாத்துட்டாகல்ல அண்ணே. ஐயா கண்ணுக்குத் தப்பி ஒரு குருவி உக்காந்திர முடியுமா இந்த மலையில?" எல்லாரும் சிரித்தார்கள், அன்பான சிரிப்பு. காஜா வழக்கம்போலப் பைனாகுலரின் மூடியைக் கழற்றித் துடைத்து அவர் கையில் வைத்தார். கனமாக இருந்தது. அதைத் தூக்கினார், ஏன் தூக்கினார் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார், கை தானாகத் தூக்கியது. பாறை வந்தது, வெளுத்த கோடு வந்தது, கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனார், விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் பால். பனி. அம்பாத்துரை. "எப்பவும் இங்க கிரீன்தான சார்." பால்ச்சாமி விசிலை வாயில் வைக்கிற எச்சில் சத்தம் காதருகில் கேட்டது. கிரீனாக இருந்தாலும் நமக்கு என்று யாரோ சொன்னார்கள், இளம் குரல், திமிர் பிடித்த குரல், அவர் குரல்.

"காஜா" என்றார். "காஜா... தெரியல."

"தெரியல" என்றார் காஜா, பழக்கத்தில், உரக்க. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று திகைத்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஊதாதீங்க பால்ச்சாமி. எனக்குக் கண்ணு தெரியல. அன்னைக்கும் தெரியல. தெரியாமத்தான்மா இல்லைன்னு சொன்னேன். அது மேல உக்காந்திருக்கு, சத்தம் கேக்குது." சின்னச் சின்ன வாக்கியமாக, தந்தி கொடுக்கிற மாதிரி. பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றும்போது வார் காதில் மாட்டிக்கொண்டது, இழுத்தார், வரவில்லை, காஜா எட்டி எடுத்துவிட்டார். மலர்க்கொடியின் முகம் எப்படி இருந்ததோ, அது அவருக்குத் தெரியாது, தோடும் முந்தானையும்தான் தெரிந்தன. முந்தானை அசையாமல் நின்றது. மலர்க்கொடியின் குரல் மட்டும் வந்தது. "என்னங்கய்யா இப்படிச் சொல்றீங்க." கோபமாகக்கூட இல்லை, கோபமாக இருந்தால் நன்றாயிருந்திருக்கும். பிறகு பால்ச்சாமியிடம், "ஆளுகள அப்படியே நிக்கச் சொல்லுங்கண்ணே. கயித்த மேல இழுங்க" என்றார். பால்ச்சாமி போனில் கத்திக்கொண்டே விலகிப் போனார். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று வேதமாணிக்கத்துக்குத் தோன்றியது. அந்தப் பார்வைகளில் ஒன்றைக்கூட அவரால் பார்க்க முடியாது, அதனால் எல்லாப் பார்வையும் அவர்மேல்தான் இருந்தது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். கண்மாய்ப் பக்கம், தண்ணீர்ப் பக்கம், யாரும் இல்லாத பக்கம்.

"நான் அன்னைக்குப் பாக்கவே இல்ல சார்" என்று காஜா மெல்லச் சொன்னார். "டீ ஊத்திக்கிட்டிருந்தேன்."

"தெரியும்டா."

காஜா பைனாகுலரைத் தன் கண்ணில் வைத்துக்கொள்கிற சத்தம் கேட்டது, வார் சட்டைப் பொத்தானில் உரசுகிற சத்தம். சக்கரத்தை முன்னும் பின்னும் திருகினார், அது அவருக்குப் பழக்கமில்லை, இத்தனை வருஷம் மூடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்ததோடு சரி. ரொம்ப நேரம் ஆயிற்று. உண்மையாகவே பார்க்கிறவனுக்கு அவ்வளவு நேரம் ஆகும்போலிருக்கிறது. பிறகு காஜாவின் கை நீண்டது, என்ஜினில் நீளுகிற மாதிரி முழுக் கையும். "பைரி..." என்றார், மறுபடி ஆரம்பித்தார். "பைரி... உக்காந்திருக்கு."

இப்போது திருப்பிச் சொல்ல வேண்டியவர் வேதமாணிக்கம். பார்க்காமல் திருப்பக் கூடாது. காஜா கையை நீட்டியபடியே காத்திருந்தார். முகம் இன்னும் கண்மாய்ப் பக்கம்தான் திரும்பியிருந்தது, வெட்கத்தில் திருப்பிய முகம், திரும்பி வர மறுத்தது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணின் ஓரத்தில், பார்க்க வேண்டுமென்று ஆசைப்படாத இடத்தில், பாறை மெல்லத் துலங்கியது. வெள்ளைக் கோடு. குடைபோலக் கவிந்த கல். அதன் அடியில், பொடிக்கல்லோடு ஒட்டி, ஒரு கறுப்பு, கறுப்புக்குக் கீழே கொஞ்சம் துரு நிறம். அசையவில்லை. தலையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்தது. கயிறு பாறையை உரசிக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

"பைரி" என்றார். "உக்காந்திருக்கு."